அண்ணி இறங்காத கார்

"உங்க அண்ணி போயிட்டாம்மா" என்று அண்ணன் போனில் சொன்னதும், "வூட்லியா?" என்றுதான் கேட்டேன். "வூட்லதான்" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. ஆரணியில் அந்த வீட்டு வாசலைத் தாண்ட அண்ணி பட்ட பாடு, அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியாது. யாராவது சொல்லத்தானே வேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் ஒரு பழைய கார் வாங்கினார். பட்டுக்கடைக்காரர் வீட்டு வாசலில் கார் நின்றால் கௌரவம். அண்ணிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ஆனால் கோயில், கடைத்தெரு, அவ்வளவுதான். தேசூரில் அண்ணியின் அம்மா படுத்த படுக்கையானார். காரில் அழைத்து வந்து கூடவே வைத்துக்கொள்கிறேன் என்று அண்ணி கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கார் திணறித் திணறி நின்றது. "பெட்ரோல் பில்டர் அடைச்சிகினு கீது. புதுசு வேலூர்லகூட கெடைக்கல" என்றார் அண்ணன். வாடகைக் காருக்கும் சம்மதிக்கவில்லை. நோயாளி மாமியார் வீட்டுக்கு வந்துவிடுவாரே என்ற பயம் அவருக்கு.

நான் போயிருந்த ஒரு காலையில், அண்ணன் கடைக்குப் போனபின், அண்ணி அவர் பீரோவிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே புது பில்டர். "வாங்கியே வச்சிகினு கீறாரு, பாரேன்!" அழுவார் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தார்.

கிளிப்பைத் தளர்த்தி, கறுத்துப்போன பழையதை உருவினார். கையெல்லாம் பெட்ரோல் வழிந்தது. புதியதை மாட்டிய பிறகுதான் அதன் மேலிருந்த அம்புக்குறியைக் கவனித்தோம். இஞ்சினைப் பார்க்க வேண்டிய அம்பு பின்னால் திரும்பியிருந்தது. "ஐயய்யோ, இதுவும் வூட்டப் பாத்துகினு கீது!" என்று சிரித்தார் அண்ணி. மறுபடி கழற்றி மாட்டினோம்.

அந்தத் தாமதம்தான் வினையாயிற்று. நாங்கள் காரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தெருமுனையில் தறிக்கான பாவுநூலை நீட்டிவிட்டார்கள். கஞ்சி போட்ட பட்டுநூல் காய்கிறவரை எங்கள் தெருவில் யாருக்கும் வழி கிடையாது. பின்பக்கமோ முட்டுச்சந்து.

அதற்குள் யாரோ சொல்லி அண்ணன் ஓடி வந்தார். "எறங்கு. சாவியக் குடு." அண்ணி கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளைப் பூட்டினார். உள்ளே நாங்கள் இருவர். வெயில், பெட்ரோல் வாடை. எனக்கு மூச்சு முட்டியது. "எறங்கிடலாம் அண்ணி" என்றேன்.

"எறங்கினா அவ்ளோதான். அப்புறம் எங்கம்மாவப் பொணமாத்தான் பாப்பேன்."

அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். அண்ணி காலி அட்டைப்பெட்டியைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

பாவுக்காரர் நூலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஒருவழியாகச் சுருட்டினார். "ஜல்தியா போம்மா" என்றார். கார் ஒருமுறை செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

அன்றே அண்ணி தன் அம்மாவை அழைத்து வந்தார். மகள் கையால் கஞ்சி குடித்து, மகள் பக்கத்திலேயே அந்த அம்மா கண்ணை மூடினார். அப்புறம் தேசூரில் போய்ப் பார்க்க யார் இருந்தார்கள்? காரையும் அண்ணன் விற்றுவிட்டார். அண்ணி மறுபடி அதே வாசலுக்குள்தான் இருந்தார்.

காரியம் முடிந்த அன்று அண்ணன் என் கையில் ஒரு சாவியை வைத்தார். அண்ணியின் இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்ததாம். "வண்டிய வித்தப்போ இன்னொரு சாவியத்தான் குடுத்தேன். இத்தக் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், கடைசி வரிக்கும் குடுக்கலம்மா" என்றார்.

இப்போது அது என் இடுப்பில் இருக்கிறது. நானும் கொடுப்பதாக இல்லை.