உப்பு காட்டிய தீ

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் வேலை. விறகை விட்டு பைப்லைன் கேஸுக்கு மாறியபோதே முணுமுணுத்தவன் நான். போன மாதம் அந்த கேஸுக்கும் பதிலாக, ஹைட்ரஜனில் எரியும் அடுப்பு ஒன்றைச் சோதித்துப் பார்க்க எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள்.

நல்ல வெயில். கூட வந்த பெண் இன்ஜினியர் முற்றத்தில் வைத்து அதைப் பற்றவைத்தார். லேசான சீறல் கேட்டது, தீயைக் காணோம். நீலத் தழலின் உயரத்தை வைத்தே சாய அண்டாவின் சூட்டைச் சொல்லிவிடுகிற எனக்கு எரிச்சல் வந்தது.

“இன்னாமா இது? பத்திக்கவே இல்லியே!” என்று கையை நீட்டினேன்.

“கை வெக்காதீங்கண்ணா! எரிஞ்சிக்கினுதான் இருக்குது. பகல்ல கண்ணுக்குத் தெரியாது” என்று அவர் என்னைப் பிடித்து இழுத்தார்.

நான் நம்பவில்லை. அதற்குள் என் மனைவி ஒரு பிடி கல் உப்போடு வந்துவிட்டாள். புதிதாக எது வந்தாலும் திருஷ்டி கழிக்காமல் விடமாட்டாள். இன்ஜினியர் தடுப்பதற்குள் மூன்று முறை சுற்றி, உப்பை அடுப்பில் போட்டாள்.

படபடவென்று வெடித்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் மஞ்சள் தீ முழங்கை உயரத்துக்கு எழுந்து நின்றது. அப்படியொரு மஞ்சளை நான் எந்த நூலிலும் ஏற்றியதில்லை. உப்பு தீர்ந்ததும் தீ மறைந்துவிட்டது. சீறல் மட்டும் நிற்கவில்லை.

மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சற்று முன் நீட்டிய அதே கையைக் குவித்து, அந்த வெறும் இடத்தை நானும் கும்பிட்டேன்.