ஒரே ஒன்லோடுக்கு மூன்று பேர் அடிபட்ட கதை

ராணி அன்ரி வந்துசேர இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. அவருக்காகக் கட்டிய வெப்சைட்டில், கம்ப்யூட்டர் திரையில், பலூன்கள் ஜோராகப் பறந்துகொண்டிருந்தன. ஆனால் கேக் எந்த நாளுக்கு வேண்டும் என்று தேர்வுசெய்யும் கலண்டர் திறக்கவே இல்லை.

"முரளி, உங்கட பலூன் என்ர கலண்டரைக் கொன்றுபோட்டுது!" என்றேன்.

"நேத்து உங்க காலண்டர் என் பலூனைக் கொன்னுச்சே சுபா, நான் ஏதாவது சொன்னேனா?"

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நாங்கள் எல்லாரும் கடல் கடந்து வந்துசேர்ந்த செவன் ஹில்ஸ் புறநகரில், ஒரு டயர் கிடங்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி டேனியல் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்; அந்த ஊர் 'லா' மட்டும் அவர் பேச்சை விட்டுப் போகவில்லை. முரளி கோயம்புத்தூர்க்காரன். நான் யாழ்ப்பாணம். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் டேனியலின் பழைய தொழில். வெப்சைட் கட்டுவது புது ஆசை. பக்கத்து மெரிலேண்ட்ஸில் கேக் கடை வைத்திருந்த ராணி அன்ரிதான் முதல் பெரிய வாடிக்கையாளர். அவருக்குப் பிடிக்காவிட்டால் வெப் பிரிவை மூடிவிடுவேன் என்று டேனியல் சொல்லியிருந்தார். வெப் பிரிவு என்றால் முரளியும் நானும்தான்.

யார் கடைசி?

தளத்தை மூன்று மாடியூல்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, பிரித்திருந்தோம். கலண்டர் என்னுடையது, பலூன் முரளியுடையது. கேக்கில் அச்சிட வேண்டிய படத்தைக் காட்டும் மாடியூலை, ஆசை விடாததால் டேனியலே எழுதியிருந்தார்.

பக்கம் முழுவதும் வந்து இறங்கியதும் பிரவுசர் 'விண்டோ டாட் ஒன்லோட்' என்ற இடத்தைப் பார்க்கும். அங்கே என்ன ஃபங்ஷன், அதாவது கட்டளைத் தொகுப்பு, இருக்கிறதோ அதை ஓட்டும். இருப்பது ஒரே இடம். முரளி தன் ஃபங்ஷனை அங்கே வைப்பான். பிறகு இறங்கும் என் ஃபைல் அதை அழித்துவிட்டு என்னுடையதை வைக்கும். எரர் என்று ஒரு வார்த்தை வராது. யாருடைய ஸ்கிரிப்ட் ஃபைல் பக்கத்தின் கடைசியில் இருக்கிறதோ அவருடையது மட்டும் உயிரோடிருக்கும். அதனால் நாங்கள் இருவரும் மாறிமாறி எங்கள் ஸ்கிரிப்டைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து டேனியல் வந்து தன் ஸ்கிரிப்டை எல்லாவற்றுக்கும் கீழே ஒட்டினார். பலூனும் போனது, கலண்டரும் போனது.

"என்னோடது நல்லாத்தானே ஓடுது லா! உங்க ரெண்டு பேருக்கும் என்ன பிரச்சனை?"

முரளி என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேலை போகப்போகிறது, அடக்க முடியாமல் சிரிக்கிறோம்.

சிரித்து முடித்ததும், "இனி ஒருத்தரும் ஒன்லோடைத் தொடக் கூடாது" என்றேன். "எல்லாரும் தங்கட ஃபங்ஷனை ஒரு வரிசையில குடுங்கோ. ஒரு ஆள் மட்டும் ஒவ்வொண்டாக் கூப்பிடட்டும்."

'ஸ்டார்ட்' என்று ஒரு சின்ன ஃபைல் எழுதினேன். அதில் பட்டியல் போல ஓர் அரே, அதில் சேர்க்க ஒரு ஃபங்ஷன், பக்கம் வந்ததும் வரிசையாக ஓட்ட ஒரு லூப். அவ்வளவுதான். ஓட்டினோம். முதலாளி என்பதால் வரிசையில் முதலில் நிறுத்திய டேனியலின் மாடியூல் எரர் அடித்துப் படுத்தது. பின்னால் நின்ற இரண்டும் தொடங்கவே இல்லை.

"ஒருத்தர் விழுந்தா மத்தவங்களும் ஏன் சார் விழணும்?" என்று முரளி ஒவ்வொரு அழைப்பையும், பிழையைத் தாங்கிக்கொள்ளும் ட்ரை-கேட்சுக்குள் போட்டான். வரிசைக்காக மாற்றி எழுதியபோது விட்ட எழுத்துப்பிழையை டேனியல் திருத்தினார். மூன்றும் ஓடின! முரளி உட்கார்ந்திருந்த கதிரையோடு சுழன்றான். டேனியல் என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

அன்ரி வந்தார்

ராணி அன்ரி மவுஸைப் பிடித்தார். பக்கம் திறந்தது. பலூன்கள் வந்தன. வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன. கடைசி நிமிட அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றும்போது பலூன் ஃபைலை இரண்டு இடத்தில் இணைத்துவிட்டிருந்தோம். அது வரிசையில் இரண்டு தடவை நின்றது; என் லூப் கடமை தவறாமல் இரண்டு தடவையும் கூப்பிட்டது. கலண்டரே தெரியவில்லை. மேசைக்கு அடியில் முரளி என் காலை மிதித்தான்.

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயோ பிள்ளையள், இதென்ன கலியாண வீடோ!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எனக்கு இதுதான் வேணும். நாளைத் தெரிவுசெய்யேக்க மட்டும் கொஞ்சம் விலகிப் பறக்கச் சொல்லுங்கோ."

"அது ஸ்பெஷலா உங்களுக்காகத்தான் செஞ்சோம் அன்ரி" என்றார் டேனியல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அன்றே வேலை உறுதியானது.

மறுநாள் நான் ஸ்டார்ட் ஃபைலைச் சரிசெய்தேன். ஒவ்வொரு மாடியூலும் ஒரு பெயரோடு பதிய வேண்டும். அதே பெயர் மறுபடி வந்தால் சேர்க்காது. பலூன்கள் அளவோடு பறந்தன. நிம்மதியாகத் தேநீர் ஊற்றும்போது தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, என்ர பலூனில பாதியைக் காணேல்லை! ஆர் எடுத்தது?"

முரளி மூச்சுவிடாமல் சிரித்தபடி, பலூன் எண்ணிக்கையைத் தன் கையாலேயே இரட்டிப்பாக்கினான்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: உங்கள் மாடியூல் தானாகத் தொடங்க வேண்டாம், தயார் என்று மட்டும் சொல்லட்டும், கூப்பிட ஓர் ஆள் இருக்கட்டும். பிழை ஒன்றைத் திருத்தும் முன், அதன்மேல் யாராவது ஆசை வைத்துவிட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.