கந்தையா அண்ணையின் வண்டியைப் புகழ்ந்தேன்

நான் ஊர் ஊராகத் திரிந்து கூலிவேலை செய்கிறவன். சுன்னாகத்தில் தோட்டத்து வெங்காயம் கிண்டியெடுக்கப் போன இடத்தில் எனக்கு வாந்திபேதி கண்டது. எல்லோரும் விலகி ஓடிவிட்ட பிறகு, வண்டிக்காரக் கந்தையா அண்ணை மட்டும் ஆளறியாமல் என்னைத் தூக்கித் தன் மாட்டுவண்டியில் கிடத்தி, மானிப்பாய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்தேன்.

சில மாதம் கழித்து, கோயில் கேணியைத் துப்புரவாக்கிய தொண்டர்களுக்கு அந்த ஊரில் கூட்டம் வைத்து மாலை போட்டார்கள். அண்ணையும் அவர்களில் ஒருவர். எனக்கு மனம் பொறுக்கவில்லை. எழுந்து, "கேணி என்ன பெரிசு? வாந்திபேதியிலை கிடந்த என்னை இந்த மனுசன் தன்ரை வண்டியிலை ஏத்தினவர்!" என்றேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நோய் ஒட்டிவிடும் என்று தள்ளிப் போனார்கள்.

மறுநாளிலிருந்து அவர் வண்டியில் வெங்காயம் ஏற்ற யாரும் வரவில்லை. என்னை ஏற்றிய அன்றைக்கே சுண்ணாம்பு போட்டுக் கழுவிய வண்டி என்று அவர் சொல்லியும் கேட்பாரில்லை. அவருக்கோ அந்த வண்டிதான் சோறு.

"மன்னியுங்கோ அண்ணை."

"நீ நல்லதுக்குத்தான் சொன்னனீ. ஆனா மாட்டுக்குக் கட்டுறமாதிரி உனக்கும் ஒரு வாய்க்கூடு கட்டவேணும்" என்று சிரித்தார்.

அடுத்த சந்தை நாளன்று, இலைகூட விரிக்காமல் அவர் வண்டிப் பலகையில் சோற்றைக் கொட்டி, எல்லோரும் பார்க்கத் தின்றேன். வெங்காயம் விற்கிற பொன்னம்மா அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உவன் வண்டியையும் சேத்துத் தின்னப்போறான். அதுக்கு முதல் என்ரை சாக்கை ஏத்துங்கோ, கந்தையர்!"

பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

இப்போது ஒருவர் செய்த உதவியைச் சபையில் சொல்லுமுன், "சொல்லட்டோ?" என்று அவரிடமே கேட்கிறேன். வேண்டாம் என்றால், அவருடைய வேலையில் ஒரு கை கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறேன்.