பட்டுப்போன சுரப்பி

மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவே இல்லை. திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் கண் விழித்தபோது கட்டிலின் கால்மாட்டில் கணவர் அழுதுகொண்டு நின்றார். பிழைத்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பால் மட்டும் வரவில்லை. பூண்டு, பால் சுறா, முருங்கைக்கீரை என்று அத்தை எதையெதையோ ஆக்கிப் போட்டார். மார்பு கனக்கக்கூட இல்லை. பிள்ளை சப்பிச் சப்பி அலுத்து வீறிட்டது. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் மல்லித் தோட்டத்து வீட்டுக்கு அடுத்த வீடுதான் கணவரின் அண்ணன் வீடு. அண்ணியும் அப்போது கைப்பிள்ளைக்காரி. என் மகளை வாரி எடுத்துக்கொண்டார்.

"அழுவாத தாயி. எங்கிட்ட இம்புட்டு இருக்கு, இதுவும் குடிச்சிட்டுப் போகுது" என்றார்.

அன்றைக்கு அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதற்குப் பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கூடை பூ எடுப்பதற்குள் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவேன். சித்திரை வெயிலில் போர்வை கேட்டேன். மாதவிலக்கு திரும்பவில்லை. புருவம் மெலிந்தது, கையிடுக்கில்கூட முடி உதிர்ந்தது.

"பிள்ளை பெத்தவ எல்லாரும் இப்பிடியா படுத்துக் கெடக்கா?" என்று அத்தை ஊர் கேட்கச் சொன்னார். கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். கன்னிவாடிப் பக்கம் பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப் போனார்கள். வேப்பிலையால் அடித்தபோது எனக்கு வலிக்கவில்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லையே என்பதுதான் பெரிதாக இருந்தது.

மகள் பேசத் தொடங்கினாள். பெரியம்மாவை "அம்மா" என்றாள். அங்கே மற்ற பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு, என்னைச் "சித்தி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டு மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிடச் சாப்பிட வாந்தியும் மயக்கமும் கூடின. ஒரு காலையில் தோட்டத்திலேயே விழுந்துவிட்டேன். மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் நாடியைப் பிடித்தபடி கேட்டார்:

"பிரசவத்துல ரத்தம் நெறையப் போச்சாம்மா? அப்புறம் பால் வந்துச்சா?"

அத்தனை வருஷத்தில் யாரும் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டதில்லை.

ஸ்கேன் எடுத்த பிறகு கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்குப் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. பால் சுரக்க, மாதவிலக்கு வர, தைராய்டு வேலை செய்ய, உடம்பு நெருக்கடியைத் தாங்க, எல்லாவற்றுக்கும் ஹார்மோன் அனுப்புவது அதுதான். கர்ப்பத்தில் அது பெரிதாகும். அந்த நேரத்தில் ரத்தம் வற்றினால் பட்டுப்போகும்.

"அதுக்கு மேல ஹைபோதலாமஸ்னு ஒண்ணு இருக்கு. அது நல்லாத்தான் இருக்கு. ஹார்மோனை விடு, விடுன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கும். கேக்கறதுக்குத்தான் கீழ ஆளில்ல" என்றார். முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராய்டு மாத்திரை கொடுத்திருக்க வேண்டுமாம். ஆயுசு முழுக்க இரண்டையும் நிறுத்தக் கூடாது.

"சோம்பேறித்தனம் இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாத்திரைகளில் நடக்கவும் சமைக்கவும் தெம்பு வந்தது. இன்னொரு பிள்ளைக்கு ஊசி போட்டு முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த ரத்தத்தை மறுபடி பார்க்க என்னால் ஆகாது என்று கணவர் மறுத்துவிட்டார். என்னை "அம்மா" என்று கூப்பிட மகளைப் பழக்கினார்கள். பாடம் ஒப்பிப்பதுபோல் கூப்பிட்டாள். ராத்தூக்கம் பெரியம்மா வீட்டில்தான்.

போன வருஷம் அவள் பெரியவளானாள். பக்கத்து வீட்டில் குலவைச் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"வா தாயி, நீதான் மொதத் தண்ணி ஊத்தணும். பெத்தவ நீயில்ல?"

போனேன். கொல்லையில் தாவணியைப் போர்த்திக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் சொம்பைத் தூக்கியதும் கூச்சத்தில் உடம்பைச் சுருக்கிக்கொண்டு, என்னைத் தாண்டி அண்ணியைப் பார்த்தாள்.

ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்து மத்தியான மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.