வேலம்பாளையத்தில் ஒரு மாதிரி வகுப்பும் பதினொரு சிவப்பு அம்பும்

போனவர்கள் மூன்று பேர்: நான், என் மருமகள் கவிதா, அவளுடைய ஏழு மாதக் குழந்தை. வெள்ளகோவிலிலிருந்து திருப்பூர் வேலம்பாளையத்துக்கு மூன்று நாள் போய்வந்தோம். கடைசி நாளான நேற்று, வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கவிதா நான்கு வருடமாக ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறாள், ஒப்பந்தத்தில். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றை முடித்த சான்றிதழை இந்த மாதத்துக்குள் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயிற்சி வேலம்பாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது. ஒரே வகுப்பில் வேகமாகப் பிடித்துக்கொள்பவரும் இருப்பார்கள், மெதுவாக வருபவரும் இருப்பார்கள். ஒரே பாடத்தை அவரவர் நிலைக்குத் தக்கபடி எப்படிக் கொடுப்பது என்பதுதான் பயிற்சி. நான் எட்டாவதோடு நின்றவள், மீதியெல்லாம் நானாகப் படித்தது. எனக்கே இது நியாயமாகத்தான் பட்டது. இடையிடையே கவிதா குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்று, அதைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போனேன். கைக்குழந்தையோடு இப்படிப் போகிறவர்களுக்கு நான் எழுதுவது உதவலாம்.

காலை 6.40 பஸ். சுமார் 48 கிலோமீட்டர், ஆளுக்கு 42 ரூபாய். காங்கயம் தாண்டியதும் சிவன்மலையைப் பார்த்து, இன்றைக்கு வகுப்பு நல்லபடி நடக்க வேண்டும் முருகா என்று கும்பிட்டுக்கொண்டேன். 8.10க்குத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 9 மணிக்கு வேலம்பாளையத்தில் இறங்கிவிட்டோம்.

மாதிரி வகுப்புக்காகக் கவிதா மூன்று விதமான பயிற்சித் தாள் தயார் செய்திருந்தாள். படிப்படியாக விளக்கி எழுதிய எளிய தாள் மற்றதோடு கலந்துவிடக் கூடாது, ஏதாவது அடையாளம் வேண்டும் என்றாள். எதிரில் பனியன் கம்பெனிகளுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று திறந்திருந்தது. சின்னச் சின்ன அம்பு போட்ட சிவப்பு ஸ்டிக்கர் தொங்கியது. நான்தான் போய்க் கேட்டேன்.

"செக்கிங்குக்குங்களா? எத்தனை பண்டலுங்க வேணும்?" என்றார் கடைக்காரர்.

"பண்டலெல்லாம் வேண்டாமுங்க, ஒரு தாள் போதும். காலேஜுக்கு."

"இப்ப காலேஜுலயும் பனியன் தைக்கறாங்களாட்ட இருக்குது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். பத்து ரூபாய். வராந்தாவில் உட்கார்ந்து எளிய தாள் பதினொன்றிலும் மேல் மூலையில் நானே ஒட்டினேன்.

10.30க்கு வகுப்பு. முதல் வருட மாணவர்கள் முப்பத்து நான்கு பேர். நான் குழந்தையோடு வெளியே ஜன்னலோரம் இருந்தேன். தையல் மெஷினின் மதிப்பு வருடா வருடம் எப்படிக் குறைகிறது என்று கவிதா நடத்தினாள். பிள்ளைகள் நன்றாகவே பதில் சொன்னார்கள். பிறகு, மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தாள்களைக் கொடுத்தாள்; குறைந்த மதிப்பெண் வாங்கிய பதினொரு பேருக்கு அம்பு ஒட்டிய தாள். எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"டேய் முருகேசு, உன்னை ஆல்டருக்குத் தள்ளிட்டாங்கடா!"

"ஆல்டர் பண்ணினாலும் இவன் தேறமாட்டான்டா. நேரா வேஸ்ட்டுதான்!"

வகுப்பே சிரித்தது. முருகேசு என்ற பையனும் சிரித்தான். ஆனால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேனாவை மூடினான். ஒவ்வொருவராகப் பதினொரு பேரும் கவிழ்த்து வைத்தார்கள். மணி அடிக்கும் வரை அவர்களில் யாரும் மேற்கொண்டு எழுதவில்லை.

கவிதாவுக்கும் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஊரில் விசைத்தறிதான். பனியன் கம்பெனிப் பழக்கமெல்லாம் தெரியாது. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான சல்மாதான் வராந்தாவுக்கு வந்து சொன்னாள்.

"மேம், எங்கள்ல பாதிப் பேரு சாயங்காலம் கம்பெனில செக்கிங்தானுங்க. ஓட்டை, கறை, தையல் விட்டது, எது கண்ணுல பட்டாலும் அந்த இடத்துல இதே அம்பைத்தான் ஒட்டுவோம். ஒட்டிட்டா அந்த பீஸ் பெட்டிக்குப் போகாதுங்க, சரி பண்ண ஆல்டருக்குப் போயிருமுங்க. அங்கயும் தேறலைன்னா வேஸ்ட்டுதானுங்க."

"நான் வேணும்னு செய்யலம்மா."

"தெரியுமுங்க மேம். கணக்கு எங்களுக்கும் வேணுமுங்க. ஆனா அதை ஒட்டிக் குடுத்தா எப்படிங்க எழுதறது?"

பயிற்சி நடத்திய அம்மா கோபப்படவில்லை. "தாள் மூணும் நல்லாத்தான் இருக்குதுங்க கவிதா. ஆனா பதினொரு பேர் எழுதவே இல்லையே, நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? திங்கட்கிழமை இதே வகுப்புக்கு இன்னொரு தடவை எடுங்க" என்றார். அதோடு இந்த மாதத்துப் பயிற்சி முடிகிறது. இன்னொரு வாய்ப்பு கிடையாது.

3.30க்குத் திரும்பும் பஸ். கவிதா ஸ்டிக்கர்களைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். தாளும் சேர்ந்து கிழிந்தது.

"நான்தான் கண்ணு வாங்கிக் குடுத்தேன்" என்றேன்.

"ஒட்டச் சொன்னது நானுங்க அத்தை." ஒரு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முருகேசு மொத வரி எழுதியிருக்கானுங்க. சரியாத்தான் இருக்குது" என்றாள்.

போகிறவர்களுக்கு: 6.40 பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு 150 கேட்பார்கள், டவுன் பஸ்ஸே போதும். குழந்தைக்கு வெந்நீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பால் கொடுக்கத் தனி அறை இல்லை. கேட்டால் நூலகத்து அம்மா தன் அறையைத் திறந்துவிடுகிறார். மாணவர்களுக்கு ஏதாவது கொண்டுபோவதானால், சாயங்காலம் அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் விசாரிக்கவில்லை.

அடையாளமே இல்லாமல் மூன்று விதத் தாளையும் மேசையில் வைத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறாள் கவிதா. எல்லோரும் எளியதையே எடுத்துவிட்டால்? அல்லது கூட இருப்பவன் கேலி செய்வான் என்று முருகேசு கஷ்டமானதை எடுத்துவிட்டால்? இதைப் படிப்பவர்களில் கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள்? திங்கள் காலை 10.30க்கு வகுப்பு. தாள்களை மறுபடி அச்செடுக்க வேண்டும். நாளை ஞாயிறு மாலைக்குள் பதில் எழுதுங்கள்.