மிஷினுக்குள் மிதித்த கால்கள்

கல்லீரலில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று உறுதியான பிறகு, டாக்டர் ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும் என்றார். கட்டி பக்கத்து ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, இல்லையா? நுழையவில்லை என்றால் வெட்டி எடுத்துவிடலாம். நுழைந்திருந்தால் வேறு பேச்சு. அதற்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, கட்டியின் ஓரத்தைக் கம்ப்யூட்டரில் அளந்து பார்ப்பார்களாம்.

போய்ப் படுத்தேன். மிஷின் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்தது. முப்பது வருஷமாகப் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதி அழுத்தி நெய்கிறவன் நான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கால்கள் என்னைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டன. வலது, இடது, வலது. எனக்கு அது தெரியவே தெரியாது. மருந்து ஏற்றி, மூச்சைப் பிடிக்கச் சொன்ன முக்கியமான நேரத்திலும் உடம்பு ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது.

படம் எடுத்த பெண் வந்து கேட்டாள்: "ஐயா, நீங்க இன்னா வேலை செய்யறீங்க?"

"பட்டு நெசவு மா."

"அதான். உள்ளயும் நெய்துக்கினு இருந்தீங்க. ஓரமெல்லாம் கலங்கிப் போச்சு. இதை நான் அனுப்ப மாட்டேன். டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன், வியாழக்கிழமை வாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எடுத்ததைக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். பயம்தான், கோபமாக வெளியே வந்தது.

என் வீட்டுக்காரி அவளைத் திட்டவில்லை. என்னைச் சும்மா விடவுமில்லை. அடுத்த வீட்டுத் தறி ஓடுகிற நேரம் பார்த்து என்னைத் தரையில் படுக்க வைத்து, கால்மாட்டில் கரண்டியோடு உட்கார்ந்தாள். விரல் அசைந்தால் ஒரு தட்டு. "இத்தினி வருஷமா சோறு போட்ட காலு, அரை மணி நேரம் சும்மா இருக்கக் கூடாதா?" என்பாள். மூன்று நாளும் அதே பாடம்.

வியாழக்கிழமை கால் அசையவில்லை. இருந்தாலும் அந்தப் பெண் என்னை நம்பாமல் போர்வையைச் சுற்றிப் பட்டையால் கட்டி வைத்தாள்.

டாக்டர் இரண்டு படங்களையும் காட்டினார். முதலாவதில் கட்டியின் ஓரம் சாயம் கசிந்த துணி மாதிரி இருந்தது. இரண்டாவதில் சுற்றிலும் தெளிவான கோடு.

"மொதப் படத்தை நம்பியிருந்தா குழாய்க்குள்ள போயிடுச்சோன்னு நெனச்சிருப்போம். இதுல அந்த அடையாளம் இல்ல. ஆபரேஷன் பண்ணலாம். உறுதியா, கட்டிய எடுத்துப் பார்த்தாதான் தெரியும்" என்றார்.

எடுத்தார்கள். பரிசோதனை ரிப்போர்ட்டும் குழாய்க்குள் நுழையவில்லை என்றே சொன்னது.

தையல் பிரித்த அன்று நேராக ஸ்கேன் அறைக்குப் போனோம். படம் எடுத்த பெண்ணிடம் மன்னிப்பும் நன்றியும் சொல்ல வேண்டும் எனக்கு. ரிப்போர்ட்டை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"படம் நல்லா வந்துச்சான்னுதான் ஐயா எங்களுக்குத் தெரியும். ஆளு இன்னா ஆனாங்கன்னு யாரும் வந்து சொல்றதில்ல" என்றாள்.

யோசித்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்கச் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். வீட்டுக்காரி வெட்கப்பட்டுச் சட்டையை இழுத்து விட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, அவளே அதை மறுபடி தூக்கி, "நல்லா பாத்துக்கோ மா" என்றாள்.