அரைக்கால் அங்குலக் கோணல்

மார்லீன் டூடெக்குக்கும் ரே ஸிமான்ஸ்கிக்கும் விவாகரத்து ஆனபோது நீதிபதி நாயை ரேவுக்கும் காரை மார்லீனுக்கும் கொடுத்தார். நாய் இரண்டே வருடத்தில் செத்துப்போயிற்று. கார் பதினேழு வருடமாக ஓடுகிறது. ஆகவே ஜெயித்தவள் அவள்தான் என்று நான் சொல்வேன். ஆனால் எங்கள் வையண்டாட் ஊரில் அதை அவள் கார் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. பெட்ரோல் போட நிறுத்தினால், "அட, நம்ம ரே வண்டி!" மாதாகோவில் வாசலைத் தாண்டினால், "ரே வண்டி போகுது பாரு." ரே அதன் ஸ்டியரிங்கைத் தொட்டு பதினேழு வருடம் ஆயிற்று என்பது யாருக்கும் பொருட்டில்லை.

நான் எர்வின், பக்கத்து வீடு. கார் ஆலையில் பெயிண்ட் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது வேலியில் சாய்ந்து காப்பி குடிப்பதை முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறேன். மார்லீன் அதே ஆலையில் பத்தொன்பது வயதில் சேர்ந்தவள்; நாற்பத்தைந்து வயதாகியும் இன்னும் போய்வருகிறாள். ஆலையின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

கார் 1970-ஆம் வருடத்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், ஆரஞ்சு நிறம். தெருமுனையில் திரும்பும்போதே என் சமையலறை ஜன்னல் அதிரும். இந்த மாதிரி வண்டிகளுக்கென்று எங்கள் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு ஒரே வேதவாக்குதான்: ஆலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ, அப்படி. வண்டி அழகாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆலையில் பெயிண்ட் வழிந்திருந்தால் அதே இடத்தில் இவர்களும் வழியவிட வேண்டும். பரிசோதகர் சாக்பீஸில் கிறுக்கியிருந்தால் அதே கிறுக்கலை இவர்களும் கிறுக்க வேண்டும். அந்தப் பரிசோதகர் பாதி நாள் போதையில் இருந்தவர். எனக்குத் தெரியும், கூட உட்கார்ந்து குடித்தவன் நான். அவருடைய கிறுக்கலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் பரவசப்படும் பெரிய மனிதர்களை ஒவ்வொரு ஜூலையிலும் ஆற்றங்கரைப் பூங்காவில் பார்க்கலாம்.

தேறிய வண்டிக்கு ஒரு நீலத் தகடு. அதில் உரிமையாளர் பெயரை வெட்டிக் கொடுப்பார்கள். மார்லீனுக்கு வேண்டியது அதுதான். "இந்த ஊர்ல வாயால சொன்னா எவன் மண்டையிலயும் ஏறாது எர்வின். தகட்டுல வெட்டிக் காட்டணும்" என்பாள். சங்கத்தின் தலைமை நடுவர் ரே ஸிமான்ஸ்கி என்பது மட்டும்தான் சிக்கல்.

போன வருடம் மூன்றே புள்ளியில் தகடு கை நழுவியது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவள் பனியில் வழுக்கி என் தபால் பெட்டியை இடித்திருந்தாள். அன்றிலிருந்து வண்டிக்குப் பல்வலிக்காரன் முகம். பானெட்டின் முன்விளிம்பில் ஒரு குரோம் பட்டை, சக்கரங்களை மூடும் இரண்டு பக்க ஃபெண்டர்களின் முனையில் ஆளுக்கொன்று. மூன்றும் சேர்ந்து வண்டியின் நெற்றியில் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். அவள் வண்டியில் மூன்றும் மூன்று திசையில் போயின. ரே தாளில் எழுதினான்: 'முன்பட்டைகள் ஒன்றோடொன்று சேரவில்லை.' அதோடு விட்டானா? கீழே, 'ஓட்டுபவரும் கவனமாக இருப்பது நல்லது' என்று ஒரு உபதேசம். அந்தத் தாளை அவள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். வருடம் முழுக்கப் பால் எடுக்கும்போதெல்லாம் படித்தாள்.

மே மாதம் பனி விட்டதும் கராஜைத் திறந்தாள். ஆலை விட்டு வந்ததும் உடை மாற்றாமல் அதில்தான். நான் என் காப்பியோடு வேலியைத் தாண்டிப் போனேன். அவள் பின்பக்கம் போய்க் கதவின் கீலைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"மூக்குதானே கோணல்? நீ என்னம்மா கதவுகிட்ட உக்காந்திருக்க?" என்றேன்.

"அதனாலதான்யா நீ பெயிண்ட் அடிக்கப் போன. மூக்குல ஆரம்பிச்சா மூக்குலயே சாவணும். கதவு பின்னாடி உடம்போட சேரணும். அப்புறம் ஃபெண்டர் கதவோட. அப்புறம் பானெட். பட்டை கடைசி."

"யார் சொன்னா?"

"இருபத்தாறு வருஷமா லைன்ல நின்ன என் முட்டி சொல்லுது. வாயை மூடிக்கிட்டு இந்த விளக்கைப் பிடி."

பிடித்தேன். ஆறு வாரம் பிடித்தேன். இடைவெளி அளக்க அவள் வைத்திருந்த கருவி ஐஸ்குச்சி. ஒரு குச்சி நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது. அதற்காக நான் தின்ற ஐஸைச் சொன்னால் என் டாக்டர் அழுவார். ஃபெண்டரின் பின்னால் போல்ட் போகும் இடத்தில் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகுவாள். மேலே இடைவெளி குறையும், கீழே கூடும். கீழே ஒன்றைச் சொருகுவாள், பானெட் முறைக்கும். தகட்டை எடுப்பாள், வைப்பாள், நகர்ந்து போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாள், ரேயின் பரம்பரையை மூன்று தலைமுறை வரை திட்டுவாள், மறுபடி எடுப்பாள். மூக்குத் தகட்டின் ஓட்டையை அரத்தால் ராவி நீளமாக்கினாள். ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு வண்டிக்கு முன்னால் நிறுத்தினாள்.

மூன்று பட்டையும் ஒரே கோடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண் எங்கேயும் தடுக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் காரைப் பார்த்து உருகுகிற ஜாதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

"ஆலைல இப்படி ஒண்ணுகூட வந்ததில்ல மார்லீன்" என்றேன்.

அவள் சிரித்தபடி கடைசி நட்டை முறுக்கினாள். இடதுபக்கப் பட்டையின் கிளிப் பட்டென்று உடைந்தது. கெட்ட வார்த்தை ஒன்றை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுப் பட்டையைக் கழற்றினாள். பின்பக்க அழுக்கைத் துணியால் துடைத்தவள் அப்படியே நின்றாள். அங்கே மஞ்சள் மெழுகுப் பென்சிலில் 47 என்று இருந்தது.

"என்ன அது?"

"நான்."

லைனில் பட்டை மாட்டுகிறவர்கள் தங்கள் எண்ணைப் பின்னால் எழுத வேண்டும். தப்பு வந்தால் யாரைத் திட்டுவது என்று ஃபோர்மனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்கு. இடது பக்கப் பட்டை, பகல் ஷிப்ட், 47. பத்தொன்பது வயது மார்லீன். ரே இந்த வண்டியைத் துடைத்துத் துடைத்து ஊரெல்லாம் காட்டினானே, அது அவன் கண்ணில் படும் முன்பே இவள் கைபட்டு வந்த வண்டி. நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள் மட்டும் சிரிப்பதை நிறுத்தினாள்.

"எர்வின், நான் இதை நேரா மாட்டியிருக்க மாட்டேன்."

"எதை?"

"இடதுபக்கம் அளவு பாக்குற சட்டம் தேஞ்சு போயிருந்துச்சு. அந்த வருஷம் நான் மாட்டின அத்தனை பட்டையும் மூக்குகிட்ட அரைக்கால் அங்குலம் தாழ்ந்துதான் போச்சு. நான் ஃபோர்மன்கிட்ட சொன்னேன். 'வாங்குறவன் என்ன அளவுகோலோடயா வரப்போறான், விடும்மா'ன்னான்."

அளவுகோலோடுதான் வந்தார்கள். இருபத்தாறு வருடம் கழித்து, மடக்கு நாற்காலியும், வண்டியின் அடியைப் பார்க்க முகக்கண்ணாடி பொருத்திய குச்சியும் எடுத்துக்கொண்டு கூட்டமாக வந்தார்கள்.

அவளுக்குத் தன் ஞாபகத்தின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோவிலுக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. உள்ளே போகாமல், வண்டி நிறுத்துமிடத்தில், கோவிலில் ஆர்கன் வாசிக்கும் வெர்னா பிலார்ஸ்கியின் காருக்கு முன்னால் முழங்காலிட்டாள். வெர்னாவிடம் இருப்பது அதே வருடம், அதே ஆலை, பழுப்பு நிறம். புதிதாக வாங்கிய நாள் முதல் கோவிலுக்கும் மளிகைக் கடைக்கும் தவிர எங்கும் போகாத வண்டி. ஒரு திருகைக்கூட யாரும் தொட்டதில்லை. பூசை முடிந்து வெளியே வந்த ஜனம் மார்லீன் மனம் திரும்பிவிட்டாள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டது. வெர்னா மட்டும் கிட்டே வந்து, "என் வண்டிக்கு ஏதாவது ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலக்கா. நான் பண்ணினது அப்படியே இருக்கு. பதினெட்டாம் தேதி பூங்காவுக்கு வாங்க, கில்பாசா சாசேஜ் சுட்டுத் தர்றேன்."

ஐஸ்குச்சியும் அளவுகோலும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தன. அரைக்கால் அங்குலம், துல்லியமாக.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆறு வாரம் உழைத்து நேராக்கியதை அவள் கோணலாக்கினாள். பத்தொன்பது வயதில் ஒரே நிமிடத்தில் செய்த கோணலைத் திரும்பச் செய்ய மூன்று சாயங்காலம் பிடித்தது. அரைக்காலுக்குக் கொஞ்சம் கூடினால் நட்டைத் தளர்த்துவாள், குறைந்தால் மரக்கட்டை வைத்துத் தட்டுவாள். "அழகா இருந்துச்சேம்மா" என்று நான் முனகினேன்.

"அழகுக்கு அவன் புள்ளி போடல."

"மனசு வருதா உனக்கு?"

"வரல. விளக்கைப் பிடி."

பதினெட்டாம் தேதி பூங்காவில் நூறு வண்டிக்கு மேல். ரே வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, தொங்கும் தொப்பையோடு வந்தான். அவனுடைய கறுப்பு வண்டியும் அதே வருடம், அதே ஆலை. ஆறு வருடமாக நீலத் தகடு மாட்டியது. போட்டியில் அது இல்லை. மற்றவர்கள் பார்த்துத் திருந்துவதற்காக நுழைவாயிலில் நிறுத்தியிருந்தான். மார்லீன் வண்டியைச் சுற்றி வந்தான், குனிந்தான், கண்ணாடிக் குச்சியை அடியில் விட்டான். அரை மணி நேரம் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் மூக்குக்கு வந்தான். முகம் மலர்ந்தது.

"இடதுபக்கம் தாழ்ந்திருக்கு மார்லீன். வருஷம் ஒண்ணு குடுத்தேன், இதைக்கூட நேராக்க முடியலயா?"

"அது அப்படித்தான் வெளிய வந்துச்சு."

"யார் சொன்னா?"

"மாட்டினவ சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரேயும் சிரித்தான். "எல்லாரும் இதையே சொன்னா நடுவர் எதுக்கு? நான் அஞ்சு புள்ளி குறைக்கிறேன்."

"குறை. அதுக்கு முன்னாடி சங்கத்து விதியில ஏழாவதைப் படிக்கச் சொல்லு."

சங்கச் செயலாளர் ஆர்வில் நாகி, எண்பது வயது, காது மந்தம், விதியைப் படிப்பதென்றால் உயிர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்: சந்தேகம் வந்தால், யாரும் கை வைக்காத வண்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நடுவர் அபிப்பிராயம் அதற்குக் கீழே. அதைப் படித்து முடிக்கவும், வெர்னா பிலார்ஸ்கி பழுப்பு வண்டியைப் புல்வெளியில் ஏற்றி நிறுத்தி, "கில்பாசா ரெடியா?" என்று கேட்கவும் சரியாக இருந்தது.

ஆர்வில் தானே அளந்தார். வெர்னா வண்டி, இடதுபக்கம், அரைக்கால் தாழ்வு. மார்லீன் வண்டி, அரைக்கால் தாழ்வு. கூட்டம் நெருங்கிவிட்டது. ரேயின் நெற்றியில் வேர்த்தது.

"ரெண்டு வண்டியும் கோணல்னா ரெண்டும் தப்பு. என் வண்டியைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்!" என்றான்.

தன் குழியைத் தானே வெட்டியவனை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மொத்தக் கூட்டமும் நுழைவாயிலுக்கு நடந்தது. ஆர்வில் அளந்தார். நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆர்வில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ரே, உன் வண்டி ஆலைலேர்ந்து வந்த மாதிரி இல்லையேப்பா" என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய சத்தத்தில். பின்னால் யாரோ, "ஸ்க்ரூடிரைவர் இருக்கா? தகட்டைக் கழட்டணும்" என்றார்கள். ரே கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தான்.

மார்லீன் கில்பாசாவைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். அவள் வாயில் வராமல் நின்ற வார்த்தைகளை நான் ஒவ்வொன்றாக எண்ண முடியும்.

மாலையில் தகடு வந்தது. 'மார்லீன் டூடெக்' என்று ஆழமாக வெட்டியிருந்தது. அவள் அதன்மேல் கட்டைவிரலை இரண்டு தடவை ஓட்டினாள். கண் கலங்கியதை வெயிலின் மேல் போட்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றோம். பங்க்காரன் எட்டிப் பார்த்து, "மார்லீன் வண்டியா? ரே முன்னாடி ஓட்டிக்கிட்டிருந்தானே, அதா?" என்றான். அவ்வளவு சீக்கிரம் ஊருக்குச் செய்தி போயிருந்தது.

திங்கட்கிழமை ஆலை விட்டு வந்ததும் கராஜ் திறக்கும் சத்தம் கேட்டது. காப்பியோடு அவள் சமையலறை வழியாகப் போனேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ரேயின் தாள் இருந்த இடத்தில் இப்போது தகடு. அவள் இடதுபக்கப் பட்டையின் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னம்மா பண்ற? மறுபடி பாத்தாங்கன்னா தகட்டைப் பிடுங்கிடுவாங்க!"

"பிடுங்கட்டும். பேரு தெரிஞ்சு போச்சு. இனிமே என் வண்டி. என் வண்டி எப்படி இருக்கணும்னு நான் சொல்றேன். ஃபோர்மன் சொல்ல வேணாம், ரே சொல்ல வேணாம்."

அந்த நேரம் தெருவில் கனத்த உறுமல் கேட்டது. ரேயின் கறுப்பு வண்டி எங்களைப் பார்க்காத மாதிரி மெதுவாகக் கடந்து போனது. மார்லீன் ஒற்றைக் கண்ணை மூடி அதன் மூக்கைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இடதுபக்கப் பட்டை அரைக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது.

"பாத்தியா எர்வின், என்னோட கோணல்."

அவள் பட்டையை நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கை எடுக்கச் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.